பலவீனம் (மறைக்காமல் எழுதவும்)

கோடு கிழித்து, பக்கத்தில் காலி இடம் விட்ட ஒரு காகிதத்தை நம் ஜனங்களிடம் நீட்டிப் பாருங்கள். எதற்கு, யாருக்கு என்று கேள்வி வராது. "பேனா இருக்கா சார்?" என்றுதான் வரும். ரயில் முன்பதிவு, பாங்க் சலான், ரேஷன் கார்டு விண்ணப்பம் என்று நிரப்பி நிரப்பிப் பழகிய கை. காலியாக ஒரு கட்டத்தைப் பார்த்தால் அதற்கு இருப்புக் கொள்ளாது. இந்த உண்மை எனக்கு இருபது வயதில் தெரிந்திருந்தால் என் அக்கா லலிதாவின் கல்யாணம் அந்தரத்தில் தொங்கியிருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அடையாறில் பிரகாஷ் வீட்டு மாடியறையில் கூடுவோம். அவன் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு தடித்த விதிப் புத்தகமும், இருபது முகம் கொண்ட ஒரு பகடையும்தான் எங்கள் ஆஸ்தி. பலகை கிடையாது, காய் கிடையாது. பிரகாஷ் கதை சொல்வான். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு வீரனாக அந்தக் கதைக்குள் போவோம். "எதிர்ல ஒரு பாழடைஞ்ச கோட்டை. கதவு பாதி தொறந்திருக்கு. என்ன பண்றே?" என்பான். செய்வதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். நல்ல எண் விழுந்தால் பிழைத்தோம். (எங்கள் வீரர்கள் பெரும்பாலும் பிரகாஷ் வீட்டில் பஜ்ஜி வருவதற்குள் செத்துவிடுவார்கள்.)

ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு தாள் உண்டு. கேரக்டர் ஷீட் என்று பெயர். அவன் பேர் என்ன, எந்த ஊர், எவ்வளவு பலம், கையில் என்ன ஆயுதம், எதைக் கண்டால் நடுங்குவான் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்தத் தாள்தான் அவனுடைய உயிர். புத்தகத்தோடு வந்த தாள் ஒன்றே ஒன்று. அதை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, கடைசியில் கட்டங்கள் எல்லாம் மழையில் நனைந்த கோலம் மாதிரி ஆகிவிட்டன. புதிதாகத் தாள் வடிவமைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானாக ஏற்றுக்கொண்டேன்.

விளையாட்டில் நான் மகா மட்டம். தாள் போடுவதில் மட்டும் புலி என்று நினைப்பு. கல்லூரியில் கணக்குப்பதிவியல் வகுப்பு நடக்கும்போது நான் நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக்கொண்டிருப்பேன். வீரனின் காயத்துக்கு எவ்வளவு பெரிய கட்டம், மந்திரங்களுக்கு எத்தனை வரி என்று யோசித்து யோசித்து, ஆறு மாதத்தில் பதினோரு வடிவங்கள் போட்டேன். பன்னிரண்டாவதைத் தமிழில் செய்வது என்று தீர்மானித்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

தமிழில் தாள் என்றால் எனக்குத் தெரிந்த ஒரே தமிழ் அரசாங்க விண்ணப்பத் தமிழ். ஆகவே என் வீரனைப் பற்றிய கேள்விகள் இப்படி அமைந்தன: பெயர் (முகப்பெழுத்துடன்). தற்போது வசிக்கும் ஊர். தொழில். உடன் வருவோர். எடுத்துவரும் பொருட்கள். வலிமை, அறிவு, கவர்ச்சி (ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கு எத்தனை?). தெரிந்த மந்திரங்கள். ஆயுதம். பலவீனம் (மறைக்காமல் எழுதவும்). எதற்காகப் புறப்பட்டீர்கள்?

அந்த 'மறைக்காமல் எழுதவும்' என்பதில் எனக்குத் தனிப் பெருமை. எங்கள் குழுவில் எல்லாரும் பலவீனம் என்ற இடத்தில் "அதிக வீரம்" என்று எழுதி ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் அந்த அடைப்புக்குறி.

எங்கள் நாலு பேரில் ஒருவன் ரஃபி. அவன் அப்பாவுக்கு ராயப்பேட்டையில் ஒரு சின்ன அச்சகம். எங்கள் பக்கத்து வீடுகளின் கல்யாணப் பத்திரிகையில் பாதி அங்கேதான் அச்சாகும். லலிதாவின் பத்திரிகையையும் அங்கே கொடுத்து, வாங்கிவரும் வேலையை அப்பா என்னிடம் ஒப்படைத்திருந்தார். கல்யாணத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட ஒரே வேலை அது. பத்திரிகையின் புரூஃபைக் கொடுக்கும்போதே என் தாளையும் எடுத்து நீட்டினேன். ரஃபி அதை மேலும் கீழும் பார்த்தான்.

"மச்சி, இது நம்ம கேமுக்கா, இல்ல தாலுகா ஆபீசுக்கா?"

"போடா. நாலு காப்பி அடிச்சுக் குடு, போதும்."

மிஷின் ஓட்டும் ஏழுமலை அண்ணன் சிரித்துவிட்டார். "நாலு காப்பிக்கெல்லாம் மிஷின் ஏத்த முடியாது நைனா. ஏத்துனா எறநூறு. பத்திரிக்கை பேப்பர்ல மிச்சம் கீது, அதுல அட்ச்சி வெக்கிறேன். அடுத்த வாரமா வந்து வாங்கிக்கோ."

இருநூறு வீரர்கள். எங்கள் வேகத்துக்கு இரண்டு வருஷம் தாங்கும் என்று கணக்குப் போட்டு மகிழ்ந்தேன்.

இங்கே லலிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு நிச்சயமாகியிருந்த முரளி, அடையாறில் இருந்த ஒரு ரிட்டயர்டு பாங்க் மேனேஜரின் ஒரே பிள்ளை. நல்ல வேலை, நல்ல உயரம். பெண் பார்க்க வந்தபோது முக்கால் மணி நேரத்தில் அவர் பேசியது ஒரே ஒரு "ம்". மற்றதுக்கெல்லாம் அவர் அம்மாவே பதில் சொல்லிவிட்டாள். "எவ்வளவு அடக்கம் பாரு" என்று எங்கள் அம்மா பூரித்துப் போனாள். நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு மாதம் ஆகியும் ஒரு போன் கிடையாது. அந்தக் காலத்தில் நிச்சயமான மாப்பிள்ளை போன் செய்வான், பெண் வெட்கப்படுவாள், வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் எதையாவது தேடுவார்கள். எங்கள் வீட்டு போன் மணி அடித்தால் லலிதா எழுந்து பாதி தூரம் போவாள். எடுத்தால் சமையல்காரராக இருக்கும்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். "ஏண்டா, அவருக்குப் பிடிக்காம, ஆத்துல சொன்னாளேன்னு பண்ணிக்கறாரோ?"

"அதெல்லாம் இருக்காது" என்றேன், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். பகடை வீச்சுக்குத் தனிக் கட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது அப்போது எனக்குத் தலை போகிற பிரச்சினை.

பத்திரிகை தயாரான ஞாயிற்றுக்கிழமை காலை அச்சகத்துக்குப் போய்ப் பெரிய பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். வாசலில் இறங்கும்போது ஏழுமலை அண்ணன் உள்ளே இருந்து ஏதோ கத்தினார். மிஷின் சத்தத்தில் "பிரிச்சிப் பாத்துக்கோ நைனா" என்பது மட்டும் கேட்டது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நான் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. மிஷின் சும்மா இருந்ததால் அடுத்த வார வேலையையும் அன்றைக்கே முடித்து, "ரெண்டும் ஒரே வூட்டுக்குத்தானே" என்று அவர் ஒன்றாகக் கட்டியிருந்தார். அது எனக்குத் தெரிந்தது நாலு நாள் கழித்து.

வீட்டில் அப்பாவும் அம்மாவும் மண்டபத்து விஷயமாக வெளியே போயிருந்தார்கள். பத்திரிகைகளை உறையில் போட மாம்பலத்திலிருந்து சித்தப்பா வந்திருந்தார். அப்பாவின் தம்பி. ஒரு சர்க்கார் ஆபீசில் சூப்பரிண்டெண்டு. பொட்டலத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு, "பாத்துக்கோங்கோ சித்தப்பா" என்று சொல்லி, 29சி பஸ்ஸைப் பிடித்து அடையாறுக்கு ஓடினேன். அன்றைக்கு என் வீரன் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டியிருந்தது.

சித்தப்பா பொட்டலத்தைப் பிரித்தார். நானூறு பத்திரிகை. கூடவே அதே மஞ்சள் காகிதத்தில் இருநூறு படிவம். என் தாளுக்கு நான் தலைப்பே வைக்கவில்லை. பிற்பாடு கையால் வாள் படம் வரைய மேலே இடம் விட்டிருந்தேன். ஏழுமலை அண்ணனுக்கு அந்த வெற்றிடம் பொறுக்கவில்லை. அவர் கையிலிருந்து மஞ்சள் தாள் எதுவும் பிள்ளையார் சுழி இல்லாமல் வெளியே போனதில்லையாம். மேலே அழகாக ஒரு 'உ' போட்டு, சுற்றிலும் பத்திரிகைக்குப் போட்ட அதே மாவிலை பார்டரையும் போட்டுவிட்டார்.

அப்படி ஒரு தாளைப் பார்த்தால் வேறு யாராவது "என்ன இது?" என்று கேட்டிருப்பார்கள். சித்தப்பா கேட்கவில்லை. முப்பது வருஷ சர்வீஸில் ஒரு படிவம் ஏன் இருக்கிறது என்று அவர் கேட்டதே இல்லை. படிவம் என்றால் காரணம் இருக்கும் என்பது அவர் கட்சி. சம்பந்தி வீட்டார் ஏற்கனவே எத்தனை பேர், எந்த ரயில் என்று மூன்று தடவை லிஸ்ட் கேட்டிருந்தார்கள். இதுவும் அவர்கள் கேட்டதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். இருநூறுதான் இருந்ததால் முக்கியமானவர்களுக்கு மட்டும் என்று பிரித்தார். கேள்விகளைப் படித்துப் பார்த்ததில் ஒரே ஒரு குறை தென்பட்டது. கடைசித் தேதி இல்லை. இருநூறு தாளிலும் சிவப்பு மையில் வரிசை எண் போட்டு, கீழே, "பூர்த்தி செய்து பத்து நாட்களுக்குள் திருப்பி அனுப்பவும்" என்று தன் கையாலேயே எழுதினார். யாருக்கு எந்த எண் என்று ஒரு நோட்டில் குறித்தும் வைத்தார்.

மாலையில் நான் திரும்பியபோது எல்லாம் ஒட்டி, மஞ்சள் தடவி, அடுக்கி முடிந்திருந்தது. என் வீரன் பாலத்திலிருந்து விழுந்து செத்திருந்த துக்கத்தில் நான் எதையும் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் அப்பாவும் அம்மாவும் தட்டில் பழம், பூ, வெற்றிலை பாக்கோடு முதல் பத்திரிகையைச் சம்பந்தி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்கள். மீதியைச் சித்தப்பா தபாலில் சேர்த்தார்.

வியாழக்கிழமை காலை தபால்காரர் மூன்று உறைகள் கொடுத்தார். அதிர்ஷ்டவசமாக (துரதிர்ஷ்டவசமாக என்றும் சொல்லலாம்) வாசலில் நின்றது நான். முதல் உறையைப் பிரித்தேன். கே.கே. நகர் பெரியப்பா தாத்தா எழுதியிருந்தார். தொழில்: ஓய்வு. உடன் வருவோர்: மனைவி, மருமகள், இரண்டு பேரன்கள் (சின்னவன் விஷமம்). வலிமை: ஆறு. அறிவு: பத்தொன்பது. கவர்ச்சி: முன்பு பதினெட்டு. தெரிந்த மந்திரங்கள்: காயத்ரி, புருஷ சூக்தம், சகஸ்ரநாமம் பாதி. ஆயுதம்: குடை. பலவீனம்: இடது முழங்கால், தரையில் உட்கார முடியாது.

நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அப்போதே உள்ளே போய் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஒரு அறை விழுந்திருக்கும், அதோடு போயிருக்கும். நான் மூன்று உறைகளையும் என் மெத்தைக்கு அடியில் வைத்தேன். வெள்ளிக்கிழமை ஒன்பது வந்தது. சனிக்கிழமை பதினேழு. இரண்டு நாளும் தபால்காரருக்கு முன்னால் தெருமுனையில் போய் நின்றேன். "வேலைக்கு எழுதிப் போட்டிருக்கியா தம்பி?" என்று அவர் அன்போடு கேட்டார். மெத்தை ஒரு பக்கமாக மேடு தட்டிவிட்டது. அம்மா என்ன நினைத்தாளோ, இரண்டு ராத்திரி எனக்குத் தயிர் சாதத்தில் மாதுளை போட்டாள்.

கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. வடபழனி மாமா ஆயுதம் என்ற இடத்தில் "என் சம்சாரத்தின் வாய்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், "இது பலவீனத்தில் வர வேண்டியது" என்று இருந்தது. போகப் போகச் சிரிப்பு குறைந்துவிட்டது. பலவீனம் என்ற இடத்தில் ஜனங்கள் உண்மையை எழுதியிருந்தார்கள். "காது கேட்கவில்லை. கேட்கிற மாதிரி தலையாட்டுவேன்." "சர்க்கரை. வீட்டில் தெரியாது." என்னைத் தூக்கி வளர்த்த ஒரு அத்தை, "கல்யாணங்களில் தனியாக நிற்க வெட்கமாக இருக்கிறது. யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது" என்று எழுதியிருந்தாள். அவள் கணவர் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு விசேஷத்திலும் சமையற்கட்டுப் பக்கம்தான் அவளைப் பார்க்க முடியும். வேலை செய்யப் பிடிக்கும் போல என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அதைப் படித்த பிறகும் நான் அப்பாவிடம் போகவில்லை. உறையை மடித்து மெத்தைக்கு அடியிலேயே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முரளியின் அப்பாவும் அம்மாவும் இறங்கினார்கள். சொல்லாமல் வந்திருந்தார்கள். காபி வேண்டாம் என்றார்கள். மயிலாப்பூரில் காபி வேண்டாம் என்று ஒரு சம்பந்தி சொன்னால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அம்மா டவராவோடு அப்படியே நின்றாள். லலிதா உள்ளே கதவோரம் போனாள்.

முரளியின் அப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த மஞ்சள் தாளை எடுத்தார். 

"யார் சொன்னா உங்களுக்கு?"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதை?"

"தெரிஞ்சிருந்தா நேரா கேட்டிருக்கலாம். இப்படி ஃபாரம் அடிச்சு, அதுவும் பத்திரிகையோட வெச்சு, மறைக்காமல் எழுதவும்னு போட்டு... எங்களை அவமானப்படுத்தணும்னே பண்ணினேளா?"

முரளியின் அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லணும்னுதான் இருந்தோம் மாமி. மூணு இடத்துல சொன்னோம், மூணும் தட்டிப் போச்சு. அதான் கல்யாணத்துக்கு அப்புறமா சொல்லிக்கலாம்னு... குழந்தைக்குப் பேச்சு திக்கும். வேற ஒரு குறையும் கிடையாது."

 அப்போது பார்த்து, பின்கட்டில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்த சித்தப்பா உள்ளே வந்தார். மஞ்சள் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஆங், ஒண்ணாம் நம்பர். பூர்த்தி பண்ணிக் கையோட கொண்டுவந்துட்டேளா? நேரம்னா இப்படி இருக்கணும். மத்தவாளுக்குத்தான் நினைவூட்டு அனுப்பணும் போல இருக்கு, ஒருத்தர்கிட்டேர்ந்தும் பதிலே காணோம்."

"நீங்க அனுப்பினதா இது?" என்றார் முரளியின் அப்பா.

"நானா? உங்காத்துலேர்ந்து கேட்டதுன்னா அனுப்பினேன்."

"நாங்க எதுக்குக் கேக்கறோம்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெதுவாக எல்லார் கண்ணும் சுவரோரம் நின்ற என் பக்கம் திரும்பியது.  என் முகம் சொல்லிவிட்டது.

"அது என்னுது" என்றேன். "விளையாட்டுக்குப் போட்டது. தப்பா கலந்துடுத்து."

"என்ன விளையாட்டு?" என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"நாலு பேர் உக்காந்து... காட்டுக்குப் போவோம்ப்பா."

"எந்தக் காட்டுக்கு?"

"இல்லாத காட்டுக்கு."

இதைவிட மோசமாக அந்த விளையாட்டை யாரும் உலகத்தில் விளக்கியிருக்க மாட்டார்கள். நான் உள்ளே போய் மெத்தைக்கு அடியில் இருந்த இருபத்தொன்பது உறைகளையும் கொண்டுவந்து அப்பா காலடியில் வைத்தேன். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, "தபால்ல போட்டதை ஒளிச்சு வெச்சியா? இது கிரிமினல் குத்தம்டா" என்றார். அவருக்கு என் மேல் ஏற்பட்ட ஒரே கோபம் அதுதான்.

அப்பா கை ஓங்கவில்லை. "உங்க அக்காவோட வாழ்க்கைடா இது" என்றார்.  அடித்திருந்தால் தேவலை.

முரளியின் அப்பா எழுந்துகொண்டார். "பரவாயில்லை. எப்படியோ தெரிஞ்சு போச்சு. நீங்க யோசிச்சு ஒரு முடிவு சொல்லுங்கோ. நாங்க எதுவும் நெனச்சுக்க மாட்டோம்." நினைத்துக்கொள்ள மாட்டோம் என்று சொன்னவர் அழும் நிலையில் இருந்தார். அப்போது கதவோரத்திலிருந்து லலிதா வெளியே வந்தாள்.

"மாமா, அதை அவர் நிரப்பினாரா?"

அவர் தயங்கினார். "திங்கக்கிழமையே எழுதிட்டான். வேண்டாம்டா, போஸ்ட் பண்ணாதேன்னு நாங்கதான் வாங்கி வெச்சுண்டோம்."

லலிதா கையை நீட்டினாள். தாளை வாங்கி நின்றபடியே படித்தாள். பிறகு அதே இடத்தில் நின்று இன்னொரு தடவை படித்தாள். அதில் என்ன இருந்தது என்று எங்களுக்கெல்லாம் தெரிந்தது பிற்பாடுதான். பெயர், ஊர், தொழில் எல்லாம் பாங்க் மேனேஜர் பிள்ளைக்கு ஏற்ற சுத்தமான கையெழுத்து. கவர்ச்சி என்ற இடத்தில் கேள்விக்குறி. ஆயுதம்: இல்லை. பலவீனம் என்ற இடத்தில் நான் விட்டிருந்த இரண்டு வரி போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார். "திக்குவாய். போனில் இன்னும் அதிகம். குறிப்பாக 'ல'வில் தொடங்கும் பெயர்கள் வர நேரமாகும். ஐந்து தடவை டயல் செய்துவிட்டு வைத்துவிட்டேன். பிடிக்காமல் இல்லை." கடைசிக் கேள்வி: எதற்காகப் புறப்பட்டீர்கள்? "நேரில் சொல்கிறேன். கொஞ்சம் நேரம் ஆகும்."

லலிதா தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். போன் இருந்த மூலைக்குப் போய் எண்ணைச் சுழற்றினாள். அந்த எண் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எதிர்முனையில் எடுத்ததும், "நான்தான். மயிலாப்பூர்லேர்ந்து. ஒண்ணும் அவசரம் இல்லை, மெதுவாவே சொல்லுங்கோ" என்றாள்.

அப்புறம் காத்திருந்தாள். நாங்கள் ஆறு பேர் கூடத்தில் மூச்சு விடாமல் நின்றோம். அம்மா கையிலிருந்த டவரா ஆறிப்போனது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. லலிதா ரிசீவரைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. திடீரென்று அவள் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. கையால் ரிசீவரை மூடிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"பேரைச் சொல்லிட்டார்" என்றாள்.

முரளியின் அம்மா ஓவென்று அழுதாள். எங்கள் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். சித்தப்பா தன் நோட்டை எடுத்து, ஒன்றாம் எண்ணுக்கு எதிரே 'வரப்பெற்றது' என்று எழுதினார்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அதற்குள் நூற்று முப்பது படிவங்கள் வந்திருந்தன. அப்பாவும் சித்தப்பாவும் உட்கார்ந்து அவற்றை வகைப்படுத்தினார்கள். பந்தியில் முழங்கால்காரர்களுக்கு மேஜை நாற்காலி போட்டார்கள். சர்க்கரை இல்லாத பாயசம் ஒரு தனிப் பாத்திரத்தில், யாருக்கு என்று சொல்லாமல் பரிமாறப்பட்டது. காது கேளாத மாமாவை நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர் அன்றைக்குத் தலையாட்டியது நிஜம். அந்த அத்தையின் கையை அம்மா இரண்டு நாளும் விடவில்லை. மாலை மாற்றும்போதும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். "இத்தனை பாந்தமா ஒரு கல்யாணம் பார்த்ததில்லை" என்று ஊரே சொன்னது. சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பார்த்தியா, படிவம்னா காரணம் இருக்கும்னு சொன்னேனே" என்றார்.

ஆறு மாதம் கழித்து முரளி அத்திம்பேர் பிரகாஷ் வீட்டு மாடிக்கு வர ஆரம்பித்தார். அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். விளையாட்டுக்குள் வந்தால் திக்காமல் பேசுவார் என்று நான் ரகசியமாக எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கோட்டை வாசலிலும் அவருக்குத் திக்கியது. ஆனால் அவர் சொல்லி முடிக்கும் வரை யாரும் பகடையைத் தொடக்கூடாது என்று ரஃபி ஒரு விதி போட்டான். அதனால் எங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைத்தது. எங்கள் வீரர்கள் பஜ்ஜிக்குப் பிறகும் உயிரோடு இருக்க ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும், வாங்குகிறவர் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே ஏதாவது எழுதணுமா?" என்று கேட்பார். கணவன் மனைவிக்குள் சண்டை வந்தால், "மறைக்காமல் எழுதவும்" என்று மூன்றாம் மனிதர் ஒருவர் எடுத்துக் கொடுப்பார். லலிதாவும் மிச்சமிருந்த தாள் ஒன்றை வாங்கி நிரப்பி, யாருக்கும் காட்டாமல் அத்திம்பேரிடம் மட்டும் கொடுத்தாள். அதில் என்ன இருந்தது என்று முப்பது வருஷமாக அவர் சொல்லவில்லை. கேட்டால் மட்டும் வேண்டுமென்றே திக்குவார்.

சித்தப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. நோட்டு பத்திரமாக இருக்கிறது. வராத படிவங்களைக் காலம் ஒவ்வொன்றாக அடித்துவிட்டது, ஒன்றைத் தவிர. அன்று மிச்சமிருந்தவற்றில் கடைசி எண் போட்ட தாளை எனக்கும் கொடுத்திருந்தார். பார்க்கும்போதெல்லாம், "உன்னுது மட்டும் இன்னும் பாக்கி" என்பார். ஊரையே மறைக்காமல் எழுதச் சொன்னவன் நான். அந்த இரண்டு வரிகளுக்கு முன்னால் உட்கார்ந்தால் எனக்குப் பேனா ஓடியதே இல்லை.

சித்தப்பா, எண் இருநூறு. கவர்ச்சி: நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆயுதம்: இல்லை. பலவீனம்: அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டபோது நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அத்தை எழுதியதைப் படித்துவிட்டு மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கினேன். எதற்காகப் புறப்பட்டீர்கள் என்பதை நேரில் சொல்கிறேன். கொஞ்சம் நேரம் ஆகும்.